பேச்சை எண்ணிச் செலவழிக்கும் நாட்டில்

நவம்பர் 17, திங்கள்: ஹெல்சிங்கி

கோவையில் உள்ள எங்கள் வார்ப்படத் தொழிற்சாலையிலிருந்து, காட்டில் மரம் அறுக்கும் எந்திரங்களைத் தயாரிக்கும் ஒரு பின்லாந்து நிறுவனத்துக்கு இரும்பு வார்ப்புகள் அனுப்புவது பற்றிப் பல மாதங்களாக மின்னஞ்சலில் பேசி வந்தோம். நேரில் வந்தால் முடித்துவிடலாம் என்று அவர்கள் எழுதியதும், தொழிற்சாலையைத் தொடங்கியவரும், உருகிய இரும்பின் நிறத்தைப் பார்த்தே அதன் சூட்டைச் சொல்லக்கூடியவருமான எங்கள் மூத்த பங்குதாரர் தாமும் வருவதாகச் சொல்லிவிட்டார். தொழிற்சாலையில் எல்லாருக்கும் அவர் ஐயா, எனக்கும் அப்படித்தான். வயது அறுபத்தெட்டு, சுத்த சைவம், ஓயாத பேச்சு. இந்த மூன்றில் எது அந்த நாட்டில் அதிகச் சிரமம் தரும் என்று விமானத்தில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

இறங்கியதுமே ஒரு சோதனை வந்தது. மாதிரி வார்ப்புகள் இருந்த பெட்டி, இடையில் விமானம் மாறிய ஊரிலேயே தங்கிவிட்டது. முகப்பில் இருந்த இளைஞர் எங்கள் சீட்டை வாங்கிக் கணினியில் பார்த்துவிட்டு, "நாளை இரவு வரும், விடுதிக்கே அனுப்பிவிடுவோம்" என்றார். அவர் வருத்தமும் தெரிவிக்கவில்லை, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளவும் இல்லை. நாளைய கூட்டத்தின் முக்கியப் பொருளே கையில் இல்லை என்று நிறுவனத்தின் கொள்முதல் தலைவருக்கு விரிவாக எழுதினேன். பதில் மூன்று வரியில் வந்தது: சரி; நாளை வரைபடங்களைப் பார்ப்போம்; பெட்டி வந்தபின் அளவெடுக்கலாம்.

"ஏம்ப்பா, பெட்டி போச்சுன்னு சொல்றோம், அடடான்னு ஒரு வார்த்தை இல்லையே" என்று ஐயா குறைபட்டுக்கொண்டார். எனக்கும் அது உறைத்தது.

விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு, 2015இல் திறந்த வட்டப் பாதையில் அரை மணி நேர ரயில் பயணம். இருவர் அமரும் இருக்கையில் ஒருவர் இருந்தால் மற்றோர் இடம் காலியாகவே இருக்கிறது. ஏறியவர்கள் கதவருகே நின்றுகொண்டு வருகிறார்கள். ஐயா தமக்குப் பக்கத்து இடத்தைத் தட்டி ஓர் இளைஞனை அழைத்தார். அவன் காதுக்கருவியைக் கழற்றி நன்றி சொல்லிவிட்டு, மறுபடியும் மாட்டிக்கொண்டு நின்றபடியே வந்தான். பெட்டி முழுக்க ஆட்கள் இருந்தும் ஒரு கைபேசிகூட உரக்கப் பேசவில்லை.

ஹெல்சிங்கி மத்திய ரயில் நிலையம் எலியேல் சாரினென் வடிவமைத்து 1919இல் திறக்கப்பட்டது. விளக்குக் கோளங்களைக் கையில் ஏந்திய பிரம்மாண்டமான கருங்கல் மனிதர்கள் வாசலின் இருபுறமும் நிற்கிறார்கள். வெளியே மழையும் பனியும் கலந்து சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிட்டது. ஆண்டுதோறும் நவம்பரில் கூடும் ஸ்லஷ் என்ற புதுத்தொழில் மாநாடு நடக்கும் வாரம் இது என்பதால், விடுதி வாடகை அடிவயிற்றைக் கலக்கியது. ஒரு யூரோ நூறு ரூபாய்க்குச் சற்று மேல் என்ற கணக்கை ஐயா ஒவ்வொரு பொருளுக்கும் போட்டுப் பார்த்து, ஒரு காப்பியும் ஒரு லவங்கப்பட்டை ரொட்டியும் எண்ணூறு ரூபாய் என்றதும் அன்றைய கணக்கை நிறுத்திவிட்டார். இரவு உணவுக்கு அவருக்குக் கிடைத்தது கரேலியப் பணியாரம்: ரை என்ற தானிய மாவில் செய்த மெல்லிய தட்டில் குழைந்த அரிசிச் சோறு வைத்துச் சுட்டது. அதன் மேல் முட்டை வெண்ணெய் தடவித் தருவார்கள். அதை மட்டும் வேண்டாம் என்றோம். குழாய்த் தண்ணீரையே எல்லாரும் குடிக்கிறார்கள். புட்டியில் வாங்கினால் புட்டிக்கும் முன்பணம் கட்ட வேண்டும். ஒரு லிட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் புட்டிக்கு 40 சென்ட். கடை வாசலில் உள்ள எந்திரத்தில் காலிப் புட்டியைப் போட்டால் பணம் திரும்பி வரும்.

நவம்பர் 18, செவ்வாய்: தம்பெரே

வடக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ரயிலில் வந்தால் தம்பெரே. நாசியார்வி, பூஹாயார்வி என்ற இரு ஏரிகளுக்கு இடையே பாயும் ஆற்றின் வேகத்தை நம்பி, ஜேம்ஸ் ஃபின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1820இல் தொடங்கிய தொழிற்சாலை பிற்பாடு பெரும் பருத்தி ஆலையாக வளர்ந்தது. 1882இல் அந்த ஆலையில் மின்விளக்கு எரிந்தது. நூற்பாலை ஊரிலிருந்து வந்த எங்களுக்கு அந்தச் செங்கல் கட்டடங்களைக் கண்டதும் ஓர் உரிமை தோன்றியது.

கூட்டம் பத்து மணிக்கு. பத்து நிமிடம் முன்பே வாசலுக்குச் சென்றுவிட்டோம். வரவேற்பில் ஆளில்லை, கதவருகே ஒரு திரை, அதில் பெயரைப் பதிவு செய்யச் சொன்னது. பத்து அடிக்கும்போது கொள்முதல் தலைவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். ஐம்பது வயதுள்ள பெண்மணி. உறுதியாக ஒரு முறை கை குலுக்கி, நேராகக் கண்ணைப் பார்த்து, தம் பெயரின் முதற்பகுதியை மட்டும் சொன்னார். அடுத்து வந்த உற்பத்தித் தலைவரும் தரப் பொறியாளரும் அவ்வாறே செய்தார்கள். யார் யாருக்கு மேல் என்று அந்த அறிமுகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. முகவரி அட்டையில்தான் பதவி தெரிந்தது. இங்கே "சார்", "மேடம்" எதுவும் இல்லை. நிர்வாக இயக்குநரைக்கூட எந்திர ஓட்டுநர் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார். ஐயாவை எப்படி அழைப்பது என்று அவர்கள் கேட்டபோது, அவர் பெயரை நான் சொல்லத் தயங்க, அவரே சொல்லிவிட்டார். முப்பது வயதுப் பொறியாளர் நாள் முழுக்க அவரைப் பெயர் சொல்லி அழைத்ததைக் கேட்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவர் அதை ரசித்தார் என்றே நினைக்கிறேன்.

பயணம் எப்படி, விடுதி எப்படி என்ற விசாரிப்பு ஒரு நிமிடத்தில் முடிந்து, "தொடங்கலாமா" என்று கொள்முதல் தலைவர் கேட்டார். ஒவ்வொருவர் முன்னும் அச்சிட்ட நிகழ்ச்சி நிரல். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே நிமிடக் கணக்கு. நாங்கள் பேசும்போது ஒருவரும் குறுக்கிடவில்லை. "ஆமாம்", "சரிதான்" என்று இடையிடையே தலையாட்டவும் இல்லை. பேசுபவருக்குத் தாம் சொல்வது சுவரில் மோதித் திரும்புகிறதோ என்று தோன்றும். முடித்தபின் இரண்டு மூன்று மூச்சு நேரம் கழித்துத்தான் பதில் வரும். அந்தப் பதிலோ நாம் சொன்னதில் ஏழாவது வாக்கியத்தில் இருந்த ஓர் எண்ணைப் பற்றியதாக இருக்கும்.

விலையைச் சொன்ன கட்டத்தை விரிவாக எழுதியாக வேண்டும். ஒரு கிலோ வார்ப்புக்கு எங்கள் விலையைச் சொன்னேன். கொள்முதல் தலைவர் அதைப் பென்சிலால் எழுதினார். எழுதி, அதன் கீழ் ஒரு கோடு போட்டார். பிறகு அறையில் பேச்சே இல்லை. உற்பத்தித் தலைவர் வரைபடத்தின் ஓரத்தை நிமிர்த்தி வைத்தார். தரப் பொறியாளர் காப்பி ஊற்றிக்கொண்டார். சுவரில் வெப்பக் குழாயின் முனகல் கேட்டது. எங்கள் ஊரில் இப்படி ஓர் அமைதி வந்தால் அதற்குப் பொருள் ஒன்றுதான்: விலை கூடுதல், குறைத்துச் சொல். ஐயா என் பக்கம் திரும்பி, நான்கு விரலை மேசைக்கு அடியில் காட்டினார்; நான்கு சதவீதம் இறங்கலாம் என்பது அவர் குறிப்பு. நான் அவர் கையை மெல்ல அழுத்தினேன். கொள்முதல் தலைவர் இன்னொரு வரி எழுதிவிட்டு நிமிர்ந்து, "விலை எங்களுக்கு ஏற்கத்தக்கது. பணம் செலுத்தும் தவணையைப் பேசலாம்" என்றார். அந்த அமைதி பேரத்துக்கானதன்று. அவர் உண்மையாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

இதே நேர்மை மறுபக்கமும் வெட்டியது. நாங்கள் அனுப்பியிருந்த படங்களைக் காட்டி, "இந்தப் பரப்பு இப்படியே வந்தால் நாங்கள் ஏற்க மாட்டோம்" என்று தரப் பொறியாளர் சொன்னார். முன்னால் ஒரு பாராட்டும் இல்லை, பின்னால் ஓர் ஆறுதலும் இல்லை. சொன்னவர் முகத்தில் கோபமும் இல்லை. ஐயாவின் காது மடல் சிவந்தது. ஆனால் வார்ப்பு அச்சுக்கான மணலின் நயம் பற்றி ஐயா கேட்ட கேள்விக்கு அதே பொறியாளர் எழுந்து வந்து, அவர் பக்கத்தில் அமர்ந்து, கால் மணி நேரம் படம் போட்டு விளக்கினார்.

மதிய உணவு பதினொரு மணிக்கு. ஆலை உணவகத்தில் ஒருவருக்கு 13 யூரோ; சாலட், சூப், சூடான உணவு, ரொட்டி, காப்பி எல்லாம் அதில் அடக்கம். எங்கள் உணவு விதிகளை ஒரு மாதத்துக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கியிருந்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் லாக்டோஸ் இல்லாதது, கோதுமைப் பசை இல்லாதது என்பதைக் குறிக்கும் எழுத்துகள் இருந்தன. பெரியவர்கள், அதிலும் எந்திரக்கூடத்து வாட்டசாட்டமான ஆண்கள், சாப்பாட்டோடு ஒரு கோப்பைப் பால் குடிக்கிறார்கள். அதன் பக்கத்துக் குழாயில் வருவது பீமா என்ற புளித்த பால். ஐயா ஒரு வாய் குடித்துவிட்டு, உப்புக் குப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக் கலக்கி, "இது நம்ம மோருப்பா, கொஞ்சம் கெட்டி" என்று மூன்று கோப்பை குடித்தார். அன்று முதல் அவருக்குப் பின்லாந்து பிடித்துப்போனது. உண்டு முடித்ததும் நிர்வாக இயக்குநர் தம் தட்டைத் தாமே கொண்டுபோய் எச்சிலைத் தட்டிவிட்டு, முள்கரண்டியைத் தனிக் கூடையில் போட்டார்.

காப்பி இடைவேளையில் ஐயா நோக்கியா பற்றிப் பேச்செடுத்தார். அந்தப் பெயர் தம்பெரேயை அடுத்த ஊரின் பெயர்; நிறுவனத்தின் வேர் 1865இல் ஃபிரெட்ரிக் இடெஸ்தாம் தொடங்கிய மரக்கூழ் ஆலை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் திறந்த அதன் கைபேசித் தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டதையும், எங்கள் உறவுக்காரப் பெண்கள் இருவர் அங்கே வேலை பார்த்ததையும் ஐயா சொன்னார். அதுவரை வேலையைத் தவிர வேறெதுவும் பேசாத தரப் பொறியாளர், தாமும் அந்த நிறுவனத்தில் இருந்து வேலை இழந்தவர் என்றார். அந்த இரண்டு பெண்களும் இப்போது என்ன செய்கிறார்கள் என்று அவர் கேட்டார். அந்த நாளில் எங்களிடம் கேட்கப்பட்ட ஒரே சொந்தக் கேள்வி அதுதான்.

மூன்றரை மணிக்கு உற்பத்தித் தலைவர் எழுந்து, குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைத்துவர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. 2022இல் வந்த சீர்திருத்தத்தின்படி தாய், தந்தை இருவருக்கும் தலா 160 நாள் உதவித்தொகையுடன் விடுப்பு உண்டு.

நவம்பர் 19, புதன்: தம்பெரே

இரவில் பெட்டி வந்துவிட்டது. காலை ஏழரைக்கு அளவெடுக்கும் அறை எங்களுக்காக ஒதுக்கப்பட்டு, அதற்கென ஒருவர் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். திங்களன்று அந்த மூன்று வரிப் பதிலை எழுதிய கையோடு இந்த ஏற்பாட்டையும் செய்திருக்கிறார்கள். அதை எங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் அவர்களுக்குத் தோன்றவில்லை. ஐயா தம் குறையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

எந்திரக்கூடத்தில் ஓர் ஓட்டுநர், எங்கள் வார்ப்பைப் பொருத்தும் முறை தவறு என்று தம் மேலாளரிடமே வாதம் செய்தார். எங்கள் எதிரில், ஆங்கிலத்தில், நாங்களும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. மேலாளர் கேட்டுக்கொண்டு, வரைபடத்தில் திருத்தம் குறித்துக்கொண்டார்.

பரிசுப் படலம் சற்று விசித்திரமானது. வெள்ளி முலாம் பூசிய குத்துவிளக்கும், நெய் மைசூர்பாகும் கொண்டுபோயிருந்தோம். கொள்முதல் தலைவர் விளக்கை வாங்கி, உடனே பிரித்து, அழகாக இருக்கிறது என்றார். பிறகு, தனிப்பட்ட முறையில் இதை வைத்துக்கொள்ள நிறுவன விதி இடம் தராது, முன்கூடத்துக் கண்ணாடி அலமாரியில் நிறுவனத்தின் பொருளாக இருக்கும் என்றார். டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 2024ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட ஊழல் குறியீட்டில் டென்மார்க்குக்கு அடுத்து 88 புள்ளியுடன் நிற்கும் நாடு அல்லவா. மைசூர்பாகு காப்பி அறைக்குப் போனது. பத்து நிமிடத்தில் பார்த்தால், பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது: இந்தியா, பால் உண்டு, கோதுமை இல்லை. எங்களிடம் கேட்டுத்தான் எழுதினார்கள். மாலைக்குள் பெட்டி காலி. பதிலுக்கு ஐயாவுக்கு ஒரு பொட்டலம் சால்மியாக்கி கிடைத்தது. அதிமதுரத்தோடு நவச்சாரம் சேர்த்த கறுப்பு மிட்டாய். அவர் அதை வாயில் போட்டுக்கொண்டு முகம் மாறாமல் இருக்க முயன்றதை அந்த அறையே கண்டு சிரித்தது.

மாலை விடுதிக்கு நடக்கும்போது நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில் ஐயா சறுக்கி விழுந்தார். எதிர்ச்சாரியில் போன ஒரு பெண் ஓடிவந்து தூக்கி நிறுத்தி, முழங்காலை மடக்கிப் பார்க்கச் சொல்லி, வலி இல்லை என்று உறுதி செய்துகொண்டார். தம் மேலங்கியில் நூலில் தொங்கிய ஒளிபிரதிபலிப்பான் வில்லையைக் கழற்றி ஐயாவின் பையில் மாட்டினார். இருட்டில் நடப்பவர்கள் அதை அணிய வேண்டும் என்று இங்கே சட்டமே உண்டாம். ஐயா நன்றி சொல்லி, ஊர், பெயர், குடும்பம் என்று ஆரம்பிப்பதற்குள் அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

நவம்பர் 20, வியாழன்: தம்பெரே

வியாழன் என்றால் நாடு முழுக்கப் பட்டாணி சூப்பும், பழக்கூழ் வைத்த தடிமனான பான்கேக்கும். பள்ளி, படை முகாம், ஆலை உணவகம் எங்கும் இதே. சூப்பில் பன்றி இறைச்சி உண்டு. ஐயாவுக்குத் தனியாக இறைச்சியில்லாத பானை வைத்திருந்தார்கள்.

மாலையில் ஏரிக்கரையில் உள்ள நிறுவனத்தின் சவுனா என்ற நீராவிக் குளியலறைக்கு அழைப்பு. ஏறத்தாழ 56 லட்சம் மக்கள் உள்ள நாட்டில் ஏறத்தாழ 30 லட்சம் சவுனாக்கள். நாடாளுமன்றத்திலும் ஒன்று இருக்கிறது. 2020இல் சவுனாப் பண்பாடு யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 1960 செப்டம்பரில் அதிபர் உர்ஹோ கெக்கோனென், சோவியத் தலைவர் குருஷ்சேவைத் தம் இல்லத்துச் சவுனாவில் நள்ளிரவு கடந்தும் உட்காரவைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு பின்லாந்து, மேற்கு நாடுகளின் எஃப்டா வணிக அமைப்பில் இணை உறுப்பாகச் சேர முடிந்தது. தம்பெரேயில் 1906 முதல் இயங்கும் ராயாபோர்த்தி சவுனா, நாட்டில் இன்றும் இயங்கும் பொதுச் சவுனாக்களில் மிகப் பழையது.

அழைப்பை மறுத்தால் தவறாகுமோ, ஏற்றால் ஆடையின்றி உட்கார வேண்டுமோ என்று ஐயா மதியத்திலிருந்தே கவலைப்பட்டார். உற்பத்தித் தலைவர் தாமாகவே விளக்கிவிட்டார்: பெண்கள் முதலில், ஆண்கள் பிறகு, துண்டு கட்டிக்கொள்ளலாம், வராமலும் இருக்கலாம், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். ஐயா துண்டோடு வந்தார். முதலில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உட்காரும் பலகையில் சிறு துணி விரித்துக்கொள்ள வேண்டும். சூடான கல்லில் நீர் ஊற்றுமுன் மற்றவர்களைக் கேட்க வேண்டும். உச்சிப் பலகையில் காது பொசுங்கும். உலையருகே நாற்பது ஆண்டு நின்ற ஐயா அங்கேயே போய் உட்கார்ந்து, இன்னொரு அகப்பை ஊற்றச் சொன்னார். தரப் பொறியாளர் முதலில் இறங்கி ஓடினார். மறுநாள் ஆலைக்குள் அந்தச் செய்தி எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

சவுனாவில் வணிக முடிவு எடுப்பதாகச் சொல்லப்படுவதை நான் நம்பவில்லை. விலை, தேதி எதையும் அவர்கள் அங்கே பேசவில்லை. ஆனால் இரண்டு நாளாகக் கேட்க முடியாதவற்றைக் கேட்டார்கள்: கோவையில் மின்வெட்டு எப்படி, வேலைக்கு ஆள் கிடைக்கிறார்களா, ஐயாவுக்குப் பின் ஆலையை யார் நடத்துவார்கள். கூட்ட அறையில் கேட்டால் அது எங்களைச் சந்தேகிப்பதாக ஆகியிருக்கும். ஏரி நீரில் இறங்க நான் மட்டும் துணிந்தேன். மூச்சு நின்று வந்தது. அதன்பின் அவர்கள் வாட்டிய சாசேஜும் கடுகுக் குழம்பும் எடுத்துக்கொள்ள, ஐயாவுக்கு அடுப்பில் சுட்ட பாலாடைக் கட்டியும் முட்டைக்கோஸும்.

நவம்பர் 21, வெள்ளி: தம்பெரே

கூட்டம் காலையோடு முடிந்தது. வெள்ளி மதியம் இரண்டுக்கு மேல் ஆலையில் யாரையும் பார்க்க முடியாது. ஜூலையிலும் அப்படித்தான், நாடே ஏரிக்கரைக் குடிசைக்குப் போய்விடும், அந்த மாதத்தில் பதில் எதிர்பார்க்க வேண்டாம் என்று எழுத்திலேயே தந்துவிட்டார்கள்.

இரவு விடுதி உணவகத்தில் ஏதோ ஓர் அலுவலகத்தின் சிறு கிறிஸ்துமஸ் விருந்து. சூடான மசாலாத் திராட்சைச் சாறும், பிளம் கூழ் வைத்த நட்சத்திர வடிவப் பலகாரமும் பரிமாறினார்கள். மூன்று நாளாகப் பேச்சுக் கேட்காத காது அன்று அடைத்தது. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரிக்கிறார்கள். கழுத்துப்பட்டை அணிந்த ஒரு கனத்த மனிதர் கரோக்கியில் டாங்கோ பாடினார். இந்த நாட்டுக்கு டாங்கோ மேல் அப்படியொரு மோகம், செய்னயோகி ஊரில் 1985 முதல் அதற்குத் திருவிழாவே நடக்கிறது. எங்கள் மேசைக்கு வந்து கோப்பை உயர்த்தியவர்கள், மறுநாள் காலை உணவில் எங்களைக் கண்டதும் லேசாகத் தலையசைத்துவிட்டுத் தொலைவில் போய் அமர்ந்தார்கள். இந்த இரண்டு முகத்தில் எது உண்மை என்று கேட்பது வீண். எனக்கு இரண்டுமே கொஞ்சம் அலுப்பூட்டின.

நவம்பர் 22, சனி: தம்பெரே

கொள்முதல் தலைவர் வீட்டில் மூன்று மணிக்குக் காப்பி. நாங்கள் ஏழு நிமிடம் முன்பே சேர்ந்துவிட்டோம். அதே தெருவில் கையில் பூங்கொத்துடன் ஒரு தம்பதியர் வீட்டைக் கடந்து போய், திரும்பி, மறுபடி கடந்து போனார்கள். மூன்று மணிக்கு அவர்களும் எங்களுடன் வாசலில் நின்றார்கள், அவர்களும் விருந்தினர்தாம்.

செருப்பை வாசலிலேயே கழற்றுகிறார்கள் என்பது ஐயாவுக்குப் பெரிய நிறைவு. மேசையில் லவங்கப்பட்டை ரொட்டி, கேக், கரேலியப் பணியாரம், கிளவுட்பெரி என்ற மஞ்சள் பழத்தின் கூழ், தணிந்த வறுவலின் புளிப்பு மாறாத காப்பி. "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஒருவரும் நகரவில்லை. பூங்கொத்துத் தம்பதியர் சன்னலைப் பார்த்தார்கள். அண்டைவீட்டுக்காரர் மேசைவிரிப்பைப் பார்த்தார். முதலில் கை நீட்டுவது இங்கே கூச்சம். தொலைவிலிருந்து வந்த விருந்தினர் தொடங்கினால் மற்றவர்கள் தொடர்வார்கள். ஐயா அதற்குத் தயங்குபவர் அல்லர். அவர் தட்டை எடுத்ததும் அறையே மூச்சுவிட்டது. யாரும் "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தவில்லை. வேண்டாம் என்ற சொல்லை ஒருமுறையிலேயே நம்பிவிடுகிறார்கள். உபசாரத்துக்காக வேண்டாம் என்று சொல்லும் பழக்கமுள்ள நான், அந்தக் கேக்கின் இரண்டாம் துண்டை அப்படித்தான் இழந்தேன்.

சம்பளம், வயது, பிள்ளைகளின் திருமணம் பற்றி இங்கே கேட்கக் கூடாது என்று வரும்போதே ஐயாவிடம் சொல்லிவைத்திருந்தேன். பேச்சுவாக்கில் அந்த வீட்டம்மாவே, ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் தொடக்கத்தில் நாட்டில் யார் எவ்வளவு வருமானத்துக்கு வரி கட்டினார்கள் என்பது பொதுத்தகவலாக வெளியாகும், நாளிதழ்கள் பட்டியல் போடும் என்றார். ஐயா திகைத்துப்போனார். "கேக்கக் கூடாதாம், ஆனா பேப்பர்ல போடுவாங்களாம்" என்று தமிழில் என்னிடம் சொன்னார். வேகமாக வண்டி ஓட்டினால் அபராதமும் வருமானத்துக்கு ஏற்பத்தான். 2002இல் நோக்கியா உயரலுவலர் ஒருவருக்கு மோட்டார் சைக்கிளில் விரைந்ததற்காக 1,16,000 யூரோ விதித்தார்கள், பின்னர் அது குறைக்கப்பட்டது.

நவம்பர் 23, ஞாயிறு: ஹெல்சிங்கி

பகல் முழுக்க ஊதா வெளிச்சம், ஈரம். 2018இல் திறந்த ஓடி நூலகத்தில் பொழுது போனது. புத்தகத்தோடு தையல் எந்திரங்களும் முப்பரிமாண அச்சு எந்திரங்களும் பொதுமக்களுக்கு வைத்திருக்கிறார்கள். எதிரில் உள்ள பூங்கா வேலியின் கம்பி ஒவ்வொன்றிலும் யாரோ தவறவிட்ட ஒற்றைக் கையுறை செருகியிருந்தது; கண்டெடுத்தவர்கள் தொலைத்தவர் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போகிறார்கள். 2013இல் ஒரு மாத இதழ் 16 நகரங்களில் வேண்டுமென்றே பணப்பைகளைத் தவறவிட்டுப் பார்த்தபோது, ஹெல்சிங்கியில் 12இல் 11 திரும்பின. இரண்டாம் இடம் மும்பைக்கு, 9. அதை ஐயாவிடம் சொன்னதும், கோவையில் செய்து பார்த்திருக்க வேண்டும் என்றார்.

துறைமுகத்தருகே 1889இல் கட்டிய பழைய சந்தைக் கூடத்தில் எனக்கு சால்மன் சூப், சதகுப்பி இலை தூவி, ரை ரொட்டியோடு. கடைக்காரர் பணம் வாங்கும்போது மிச்சத்தை 5 சென்ட்டுக்கு முழுமையாக்கினார். இங்கே 1, 2 சென்ட் நாணயங்கள் புழக்கத்தில் இல்லை. அன்பளிப்பாக விட்ட சில்லறையை, மறந்துவிட்டீர்கள் என்று திருப்பிக் கொண்டுவந்து தந்தார்.

நவம்பர் 24, திங்கள்: ஹெல்சிங்கி-வந்தா விமான நிலையம்

காத்திருப்புக் கூடத்தில் கொள்முதல் தலைவரின் மின்னஞ்சல் வந்தது. நான்கு வரிகள், ஒவ்வொன்றிலும் செய்ய வேண்டிய வேலை, செய்பவர் பெயர், தேதி. கூட்டத்தில் யார் வாயிலிருந்து எந்தத் தேதி வந்ததோ அதே தேதி. மணலை மாற்றிச் செய்த புதிய மாதிரியை ஜனவரி 15க்குள் அனுப்ப வேண்டியவர் பெயர் ஐயாவுடையது. "பார்க்கலாம், ஜனவரி நடுவுல ஆகும்" என்று அவர் செவ்வாயன்று பொதுவாகச் சொன்னதுதான் அது. "நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேனேப்பா" என்றார். பொங்கல் நாள் என்பதால் ஜனவரி 22 என்று மாற்றிக் கேட்டோம்.

பதிலை ஐயா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவர்கள் காட்டிய அன்பு, உபசாரம், நீண்டகால உறவு பற்றி மூன்று பத்தி. எழுதியபின் இரண்டு வரியாகக் குறைத்துப் படித்துக் காட்டினேன். "வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்" என்ற வரியை மட்டும் எடுக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தார், வைத்துவிட்டேன். விமானத்தில் ஏறுவதற்குள் பதில் வந்தது: "ஜனவரி 22 சரி. வீட்டில் எல்லாரும் நலம். திருத்திய வரைபடம் எப்போது?"